ஜனவரியில் பிறந்த பாம்பு

வணக்கம் ஐயா,

பினாங்கில் வேலை பார்க்கிறேன். பிறந்தது 1990 ஜனவரி 15. ஒரு சீன உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரித்த தாளில் 1990 என்றால் குதிரை என்று போட்டிருந்தது. கூட வேலை செய்யும் சீன அக்காவோ, "நீ பாம்பு" என்று சொல்லி, 2025 தொடக்கத்தில் கையில் சிவப்புக் கயிறும் கட்டிவிட்டார். எது சரி? இது நம் ராசி மாதிரிதானா? 2026 மார்ச்சும் வந்துவிட்டது, கயிற்றை அவிழ்க்கலாமா?

ம., பினாங்கு

அன்புள்ள ம.,

அக்கா சொன்னதுதான் சரி. சீன வருடம் ஜனவரி முதல் தேதி பிறப்பதில்லை. அமாவாசைக் கணக்கில், ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் பிறக்கும். 1990-இல் அது ஜனவரி 27. பன்னிரண்டு நாள் முந்திக்கொண்டீர்கள். உங்கள் ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள், அதிலும் சுக்ல வருஷம் என்றுதான் இருக்கும். பிரமோதூத சித்திரையில்தானே பிறந்தது? தாள் அச்சடிப்பவர்களுக்கு ஜனவரிப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை.

ராசியோடு இதைச் சேர்க்காதீர்கள். நம் ராசி சந்திரன் நின்ற இடம், இரண்டேகால் நாளில் மாறிவிடும். இது வருடத்துக்கு வைத்த பெயர்: எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. கூடவே மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஐந்தும் தலைக்கு இரண்டு வருடமாக ஓடும். இரண்டு சுற்றும் தொடங்கிய ஜோடிக்கே திரும்ப 60 வருடம் ஆகும். நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை அதே 60தான். ஆனால் நம் சுற்று 1987-இல் தொடங்கியது, அவர்களுடையது 1984-இல். அந்தக் கணக்கில் நீங்கள் மண் பாம்பு.

இந்த விலங்குகளுக்கு ஆதியில் வேறு வேலையும் இருந்தது. ஹூபேய் மாகாணத்தில் 1975-இல் தோண்டிய சின் அரச வம்சக் காலத்துக் கல்லறையில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன, கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. களவு போன நாளுக்குரிய விலங்கை வைத்துத் திருடனின் அடையாளம் சொல்கின்றன. எலி நாள் என்றால் கூர்வாய், அடர்த்தியில்லாத தாடி, கறுத்த நிறம். போலீஸ் வேலை! குதிரையின் இடத்தில் அதில் மான் இருக்கிறது.

அப்புறம், தேர்ந்த சீன ஜோசியர் வருட விலங்கோடு நிற்க மாட்டார். வருடம், மாதம், நாள், நேரம் நான்குக்கும் இரண்டிரண்டாக எட்டு எழுத்து எழுதித்தான் பலன் சொல்வார். வருடத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. நெருப்புக் குதிரையில் பிறந்த பெண் புருஷனுக்கு ஆகாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. 1965-இல் 18 லட்சத்தைத் தாண்டிய பிறப்பு, நெருப்புக் குதிரை வருடமான 1966-இல் சுமார் 13.6 லட்சமாக விழுந்தது. மறுவருடமே ஏறிவிட்டது.

கயிற்று விஷயம்: சொந்த விலங்கின் வருடம் சீனர்களுக்குச் சோதனை வருடம். அதற்குக் காப்புதான் சிவப்பு. பெல்ட், சாக்ஸ்கூடச் சிவப்பில் போடுவார்கள். உங்கள் பாம்பு வருடம் 2026 பிப்ரவரி 16-ஓடு முடிந்தது, மறுநாள் நெருப்புக் குதிரை பிறந்தாயிற்று. அவிழ்க்கலாம். கட்டிவிட்ட அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவிழுங்கள்.