விண்வெளி ஸ்ட்ராடஜி கேம்களில் புதிதாக ஆரம்பிப்பவர் பேரரசை எப்படி வளர்ப்பது?

நான் அதிகம் ஆடியது ஓகேம், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். 2002-இல் வந்த ஜெர்மன் பிரவுசர் கேம், கேம்ஃபோர்ஜ் நிறுவனத்துடையது. ஸ்டெல்லாரிஸ் என்ற இன்னொரு விண்வெளி கேமில் ஸ்பேஸ் பாரைத் தட்டிக் காலத்தை நிறுத்திவிட்டு டீ குடித்து வரலாம். ஓகேமில் அந்த வசதி கிடையாது. நீங்கள் தூங்கும்போதும் சுரங்கம் ஓடும். நீங்கள் தூங்கும்போதுதான் எதிரியும் வருவான். புதியவர்களுக்கு முதல் விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும், இரண்டாவதை அடிபட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

எதைக் கட்டவும் மெட்டல், கிரிஸ்டல் போன்ற வளங்கள்தான் காசு; ஆரம்பத்தில் கையில் 500 மெட்டலும் 500 கிரிஸ்டலும் இருக்கும். உடனே கப்பல் கட்டக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் சோலார் பிளான்ட், அப்புறம் மெட்டல் மைன், அப்புறம் கிரிஸ்டல் மைன். மின்சாரம் பற்றாவிட்டால் எந்தச் சுரங்கமும் நின்றுபோகாது, எல்லாமே சேர்ந்து மெதுவாகிவிடும். அதனால் பலருக்கு விஷயமே தெரியாமல் நாள்கணக்கில் ஓடும். ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம்: ஒரே லெவலில் உள்ள மெட்டல் மைனும் கிரிஸ்டல் மைனும் சேர்ந்து குடிக்கும் மின்சாரத்தை, அதே லெவல் சோலார் பிளான்ட் ஏறக்குறைய சரியாகக் கொடுத்துவிடும். கப்பல்களுக்கு எரிபொருளாகும் மூன்றாவது வளமான டியூட்டீரியத்தின் ஆலை மட்டும் தனியாகவே அந்த இரண்டுக்கும் சமமாகத் தின்னும். அதை அவசரப்பட்டு ஏற்றினால் மற்ற இரண்டும் படுத்துவிடும். கிரிஸ்டல் மைனை மெட்டலைவிட இரண்டு மூன்று லெவல் பின்னால் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

அடுத்து, எது வரைக்கும் ஏற்றுவது? மெட்டல் மைனின் விலை ஒவ்வொரு லெவலுக்கும் ஒன்றரை மடங்காகிறது. விளைச்சல் அந்த வேகத்தில் ஏறாது. வேகம் 1 உள்ள யூனிவர்ஸில் (ஆட்டம் நடக்கும் தனித்தனி சர்வரை அப்படித்தான் சொல்வார்கள்) 9-இலிருந்து 10-க்குப் போக 2,300 மெட்டல் ஆகும், கூடுதலாக மணிக்கு 140 சொச்சம் வரும். 16 மணி நேரத்தில் போட்ட மெட்டல் திரும்பிவிடும். 19-இலிருந்து 20-க்கு 1,33,000 மெட்டல் ஆகும், கூடுதல் வரவு மணிக்கு 550. திரும்பி வரப் பத்து நாள், அதுவும் கிரிஸ்டல் செலவைச் சேர்க்காமல். காலனி, அதாவது குடியேறிப் பிடிக்கும் இன்னொரு கிரகம், ஏன் வேண்டும் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் உறைத்தது. தாய்க் கிரகத்தில் ஒரு லெவலுக்குக் கொட்டும் காசில் புதுக் கிரகத்தில் பல லெவல் ஏற்றலாம். காலனிக் கப்பலுக்கு 10,000 மெட்டல், 20,000 கிரிஸ்டல், 10,000 டியூட்டீரியம் வேண்டும். அதற்கு முன்னால் இம்பல்ஸ் டிரைவ் என்ற இன்ஜின் ஆராய்ச்சி லெவல் 3, ஆஸ்ட்ரோபிசிக்ஸ் ஆராய்ச்சி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சியை முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கிவிடுங்கள். நான் மிகத் தாமதமாகத்தான் அந்தப் பக்கம் போனேன்.

சரி, அடி வாங்கிய கதை. புதியவர்களுக்குக் கொஞ்ச காலம் பாதுகாப்பு உண்டு, பெரிய ஆட்கள் தாக்க முடியாது. அது எனக்கு முடிந்திருந்தது. சரக்கு ஏற்ற 40 லார்ஜ் கார்கோ கட்டி வைத்திருந்தேன். ஒன்றுக்கு 6,000 மெட்டல், 6,000 கிரிஸ்டல். ராத்திரி அவற்றைக் கிரகத்திலேயே நிறுத்திவிட்டுப் படுத்தேன். காலையில் போர் அறிக்கை வந்திருந்தது. எவனோ முன்னிரவிலேயே ஒற்று பார்க்கும் ப்ரோப் அனுப்பியிருக்கிறான், நான் அதற்கான செய்தியைப் படிக்கவே இல்லை. அந்த யூனிவர்ஸில் உடைந்த கப்பல்களில் 30 சதவீதம் விண்வெளியில் இடிபாடாக மிதக்கும். என் கப்பல்களிலிருந்து மட்டும் மெட்டலும் கிரிஸ்டலுமாக 1,44,000 அவனுக்குத் தேறியிருக்கும், இடிபாடு அள்ளும் ரீசைக்ளர் கப்பல் எட்டு இருந்தால் அள்ளிவிடலாம். அதுபோகக் கிரகத்தில் குவித்து வைத்திருந்ததில் பாதியும் போயிற்று. அவன்மேல் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நான் அவனிடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது. படுக்கப் போகும்முன் கையிலிருப்பதை முடிந்தவரை செலவழித்துவிடுவேன், ஏதாவது மைன் லெவல் ஓடிக்கொண்டிருக்கும். மிச்சத்தைக் கார்கோவில் ஏற்றி, எல்லாக் கப்பல்களையும் இன்னொரு காலனிக்கு மெதுவான வேகத்தில் அனுப்பிவிடுவேன். ஒரு லார்ஜ் கார்கோ 25,000 கொள்ளும். பறந்துகொண்டிருக்கும் கப்பலை யாரும் தாக்க முடியாது. மெதுவாகப் போனால் டியூட்டீரியமும் குறைவாகத்தான் எரியும். ஆட்டக்காரர்கள் இதைத்தான் ஃப்ளீட்சேவ் என்பார்கள். ஒரு காலனியாவது இருந்தால்தான் இது வசதி, காலனி வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பு ஆயுதங்கள் கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டலாம், ஆனால் யாராலும் உடைக்க முடியாத கோட்டை என்ற கனவு வேண்டாம். தாக்க நினைப்பவன் ப்ரோப் அனுப்பி, கிடைக்கும் கொள்ளையையும் தனக்கு ஆகும் நஷ்டத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பான். கிரகத்தில் சரக்கு குறைவாகவும் நாலு ராக்கெட் லாஞ்சர் கூடுதலாகவும் இருந்தால் பக்கத்துச் சூரிய மண்டலத்துக்குப் போய்விடுவான். அழிந்த ஆயுதங்களில் பெரும்பகுதி சண்டைக்குப் பிறகு தானாகவே மீண்டுவிடும். கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. கப்பல்கள் போய் இறங்கும் நேரத்தை, நீங்கள் எழுந்து லாகின் செய்யும் நேரத்துக்குப் பிறகு வருமாறு வையுங்கள். காலை ஆறுக்கு எழுபவர் ஏழுக்கு வைப்பது நல்லது. எங்கள் பக்கம் விடியற்காலையில் கரண்ட் போகும் என்பதால் நான் எட்டுக்கு வைப்பேன்.