யானை எப்படிக் கீழே இறங்கியது?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் யானை வந்து நிற்பதாக ஒரு கதையை அழகாகத் தொடங்கினாள். கடைசியில் ‘திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு’ என்று முடித்துவிட்டாள். எல்லாக் கதைக்கும் இதே முடிவுதான். கட்டுரை என்றால் முடிவுரையில் ‘எனவே நாம் அனைவரும்’ வந்துவிடும். நான் ஒரு முடிவு சொன்னால் அதை அப்படியே எழுதிவிடுகிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாடிக்கு யானையை ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கும் வழிதான் பிடிபடவில்லை. கை வலித்திருக்கும், தாளும் தீர்ந்திருக்கும், கனவு கைகொடுத்திருக்கிறது. நீங்கள் முடிவைச் சொல்லாதீர்கள், அம்மா. கேள்வி மட்டும் கேளுங்கள்.

முடிவுக்கு வேண்டியது பெரும்பாலும் தொடக்கத்திலேயே கிடக்கும். நம் அந்தாதிப் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அபிராமி அந்தாதியின் முதல் பாடல் ‘உதிக்கின்ற’ என்று தொடங்குகிறது. நூறாவது பாடல் ‘உதிக்கின்றவே’ என்று முடிகிறது. நூறு பாட்டைக் கடந்து வந்தபின் அதே சொல் வேறு கனத்தோடு ஒலிக்கிறது. மகளையும் கதையின் முதல் பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு பொருளோ, ஆசையோ, பயமோ இருக்கும். கதை முடியும்போது அது என்னவாயிற்று என்று கேளுங்கள்.

தாத்தாவின் கிழிந்த குடையோடு பள்ளிக்குப் போகக் கூச்சப்படும் சிறுமியின் கதை என்று வைத்துக்கொள்வோம். ‘நனைந்து வீடு வந்தேன். அம்மா திட்டினார். தூங்கிவிட்டேன்’ என்று எழுதினால் நாள் முடிகிறது, கதை முடியவில்லை. ‘மூலையில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோத்துத் தரும்படி தாத்தா என்னிடம் நீட்டினார்’ என்றால்? அவள் கோத்துக் கொடுத்தாளா என்று எழுத வேண்டியதே இல்லை. அதற்குக் கீழே ‘நீதி: பழைய பொருளை மதிக்க வேண்டும்’ என்று சேர்க்கச் சொல்லிவிடாதீர்கள். நம் பாடநூல் பழக்கம் அது. நல்ல கதையைக் கூட அது பாடமாக்கிவிடும்.

கட்டுரைக்கு முடிவுரை என்ற தலைப்பு இருக்கட்டும், தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு. அதன் கீழ் வரும் வரிகள் அவளுடையவையாக இருக்க வேண்டும். நூலகம் பற்றிய கட்டுரை என்றால், நூலகப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதி முத்திரைத் தாளை அவளுக்குக் காட்டுங்கள். அந்தப் புத்தகத்தைப் பல வருடங்களாக யாருமே எடுக்கவில்லை என்று முன்னுரையில் எழுதியிருந்தால், முடிவுரைக்கு இது போதும்: ‘இந்த வாரம் அந்தத் தாளில் ஒரு புதிய தேதி விழுந்திருக்கிறது.’ ‘நூலகம் செல்வோம், அறிவை வளர்ப்போம்’ என்று முழங்குவதைவிட இது ஆசிரியரை நிறுத்தி வாசிக்க வைக்கும்.

இன்னொன்று, தேர்வில் முடிவுரை சப்பென்று போவதற்குப் பாதிக் காரணம் நேரம். எழுதத் தொடங்கும் முன்பே கடைசி வரியைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள். எழுதும்போது அது மாறினாலும் பரவாயில்லை. போகிற ஊர் தெரிந்திருக்கும்.

அந்த யானைக் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசி இரண்டு வரிகளை மட்டும் அடித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுங்கள். யானை இன்னும் உங்கள் மாடியில்தான் நிற்கிறது, படிக்கட்டோ குறுகல். எப்படி இறக்குவாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.