வைத்தியசாலைத் தொற்றைக் குறைக்க ஊழியர்களின் பழக்கத்தை எப்படி மாற்றலாம்?

வன்னியில் பதினொரு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன், கிளிநொச்சிப் பக்கமும் முல்லைத்தீவுப் பக்கமும். கை கழுவ வேண்டும் என்று தெரியாத ஊழியரை இதுவரை நான் கண்டதில்லை. அதனால் இன்னொரு வகுப்பு வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

முன்பு நான் இருந்த ஒரு விடுதியில் முப்பது கட்டிலுக்கு ஒரே ஒரு பேசின், அதுவும் வாசலோரம். பக்கத்தில் ஒரு துவாய். காலையில் மாட்டினால் பத்து மணிக்கே நனைந்து தொங்கும். எல்லாரும் அதில்தான் துடைப்போம். சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 செக்கன் வேண்டும், நடை வேறு. இரவில் ஒரு மிஸ்ஸியும் ஒரு சிற்றூழியரும் மட்டும் நிற்கும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிப் போய்வர முடியுமா? ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்கு நானும் போயிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது.

அப்புறம் கட்டிலின் கால்மாட்டிலேயே ஹான்ட் றப் போத்தலை, அதாவது தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் அல்கஹோல் மருந்தை, கொழுவினோம். 20, 30 செக்கனில் காரியம் முடிந்துவிடும். கையில் அழுக்கோ இரத்தமோ பட்டிருந்தால், வயிற்றோட்ட நோயாளியைப் பார்த்திருந்தால் மட்டும் சோப்பும் தண்ணீரும்தான். ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். கைச்சுத்தம் பேணுவது 1994இல் 48 வீதமாக இருந்து 1997இல் 66 வீதமானது. 1994இல் 16.9 வீதமாக இருந்த வைத்தியசாலைத் தொற்று 1998இல் 9.9 வீதத்துக்கு இறங்கியது.

அடுத்தது பெரிய டொக்டர். றவுண்ட்ஸ் வரும்போது அவர் முதலாவது நோயாளியைத் தொட முன்னம் கையைத் தேய்த்தால், பின்னால் வரும் அத்தனை பேரும் தேய்ப்பார்கள். அவர் தேய்க்காமல் போனால் சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டியும் பிரயோசனமில்லை. போஸ்டரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ‘உங்களுக்கு நோய் வராது’ என்ற அறிவிப்பு வேலை செய்யவில்லை. ‘நோயாளிக்கு நோய் வராது’ என்றது வேலை செய்தது. எங்களுக்கும் அப்படித்தான். எங்களுக்கு ஒன்றும் வராது என்ற துணிவு எல்லாருக்கும் உண்டு. நோயாளிக்கு வந்துவிடும் என்றால்தான் நின்று கையைத் தேய்ப்போம்.

சிற்றூழியர்களை மறக்க வேண்டாம். பெட்பான் எடுப்பதும் ட்ரொலி தள்ளுவதும் நோயாளியைத் தூக்கிப் படுக்க வைப்பதும் அவர்கள்தான். பயிற்சிக்கு அழைப்பு மட்டும் அவர்களுக்குக் கடைசியில்தான் வரும். ‘சேர், கை’ என்று ஒரு சிற்றூழிய அக்கா சொன்னாலும் டொக்டர் கோபப்படக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாரும் இருந்து பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.

போத்தலை நிரப்புவது யார் என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் விடுதியில் ஒருமுறை போத்தல்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒரே கிழமையில் பழையபடி கையுறையோடு கட்டில் கட்டிலாக நடக்கத் தொடங்கிவிட்டோம்.