தலைகீழாகப் பறந்தாலும் விமானம் விழாதது ஏன்?

கேள்வி: இறக்கையின் மேல்பக்கம் வளைவாக இருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர அது வேகமாக ஓடுகிறது, அதனால் விமானம் எழும்புகிறது என்று படித்தேன். அப்படியானால் தலைகீழாகப் பறக்கும் விமானம் கீழே விழ வேண்டுமே?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ‘ஒரே நேரத்தில் சேர வேண்டும்’ என்று காற்றுக்கு எந்த விதியும் கிடையாது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது இறக்கை மாதிரியின்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூண்டில், புகையை விட்டு விட்டுச் செலுத்திப் பார்த்தால், மேலே போன புகை கீழே போனதை முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடும். இன்னமும் பல பாடநூல்கள் இந்தத் தவறான விளக்கத்தையே சொல்வது வருத்தத்துக்குரியது.

நடப்பது இதுதான். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வரும் காற்று கீழ்நோக்கி வளைகிறது. ஓடும் காற்று வளைய வேண்டுமானால், வளைவின் வெளிப்பக்கத்தைவிட உட்பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். உட்பக்கம் என்பது இறக்கையின் மேற்பரப்பு. குறைந்த அழுத்தத்தை நோக்கி வருவதால்தான் காற்று வேகமெடுக்கிறது. அடிப்பக்கத்தில் அழுத்தம் சற்றே கூடுகிறது. மொத்தத்தில் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

தலைகீழாகப் பறக்கும் விமானி மூக்கை வானத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். இறக்கை காற்றைச் சரியான சாய்வில் சந்தித்தால் போதும், எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் வேலை நடக்கும். சாகச விமானங்கள் பலவற்றில் இறக்கையின் இரு பக்கமும் ஒரே வளைவுதான்.

இதற்குத் தேவைப்படும் அழுத்த வித்தியாசம் வியக்கும் அளவுக்குச் சிறியது. ஏர்பஸ் ஏ320 சுமார் 78 டன், இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோ. தரைமட்டத்தில் காற்று அதே பரப்பை 10,300 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. வித்தியாசம் ஆறு சதவீதம்தான்!

கேள்வி: சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

பதில்: சுமார் 15 டிகிரி வரை தூக்குவிசை கூடும். அதைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி வந்த காற்று பிய்த்துக்கொண்டு சுழலாகும், தூக்குவிசை சரியும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். என்ஜின் நிற்பதல்ல இது. அப்போது மூக்கை மேலே இழுப்பது ஆபத்து. முதலில் தாழ்த்திச் சாய்வைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: தரையிறங்கும்போது இறக்கைமேல் வெண்புகை தெரிந்தது. தீயா?

பதில்: பயப்பட வேண்டாம். ஈரமான நாளில், மேற்பரப்பில் அழுத்தம் சட்டென்று குறைய, காற்று விரிந்து குளிர்ந்து அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. பின்விளிம்பைத் தாண்டி அழுத்தம் பழைய நிலைக்கு வந்ததும் கரைந்துவிடும். ஜன்னலோரம் அமர்ந்த நீங்கள் பார்த்தது அந்த ஆறு சதவீதத்தைத்தான்.