ஓடையில் எடுத்த நத்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம் என்று எப்படி அறிவிப்பது?

உங்கள் கையில் இருப்பது வெறும் ஓடு, எங்கே எப்போது எடுத்தது என்ற சீட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரம், கீரிப்பாறைக்குக் கீழே. எம்.எஸ்சி. படிக்கும்போது, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் சித்தப்பாவோடு விடியற்காலையில் போய், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் நாற்பது நத்தை பிடித்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஃபார்மலின் ஊற்றினேன். கறுத்த ஓடு, முனை மழுங்கியது. சிலவற்றில் வரி, சிலவற்றில் இல்லை. இரண்டு புது இனம் என்றே நம்பி, ஒன்றுக்குச் சித்தப்பா பெயரும் வைத்துவிட்டேன்.

நாகர்கோவிலுக்கு வந்திருந்த ஒரு நத்தை ஆய்வாளரிடம் காட்டினேன். "இது பாலுடோமஸ் என்ற நன்னீர் நத்தைப் பேரினம், தம்பி. சுண்ணாம்பு குறைந்த மலைத்தண்ணீரில் முனை அரித்துப்போகும். ஒழுக்கில் ஒரு வடிவம், ஆழமான கசத்தில் ஒரு வடிவம். ஓட்டை மட்டும் பார்த்தால் ஒன்றை நாலாக்கிவிடலாம்" என்றார். ராடுலா என்ற நாக்குப்பட்டையின் பற்கள், உள்ளுறுப்புகள், டி.என்.ஏ. எல்லாம் பார்க்க வேண்டுமாம். டி.என்.ஏ.வை ஃபார்மலின் கெடுத்துவிடும். "புது இனம் இல்லை என்று சொல்லவில்லை. இதை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்." அது இன்றும் உறுத்துகிறது.

   

தேர்வு, வேலை என்று இரண்டு வருடம் கழித்து மறுபடி ஓடைக்குப் போனேன். மேலே மறுநடவுக்கு ஜேசிபி விட்டுக் கிளறிய மண், மழையில் இறங்கிப் பாறைகளை மூடியிருந்தது. பாறைப்பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தை, சேற்றில் எதைத் தின்னும்? ஒன்றுகூட அகப்படவில்லை. உடனே என்னை ரப்பருக்கு எதிரி என்று சொல்ல வராதீர்கள். எங்கள் வீட்டுச் சோறே பால்வெட்டுக் கூலிதான். ஓடைக்கரையில் பத்தடி விட்டிருக்கலாம் என்கிறேன்.

நத்தைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் கிரெம்னோகான்கஸ் என்ற நத்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் முட்டம் கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சின்ன நத்தைகளுக்குச் சொந்தம். வாழ்வதோ மகாராஷ்டிர, கர்நாடக மலைகளில், அருவிச் சாரல் படும் பாறையில். 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த பேரினம். ஆனாலும் 2013இல்தான் ரீட், அரவிந்த், மத்யஸ்தா மூவரும் ஆறு புது இனங்களைச் சேர்த்து ஒன்பதாக்கினார்கள். நம் ஓடைகளை அப்படி யார் பார்த்தார்கள்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகநூலில் போட்டால் பெயர் செல்லாது. விவரிப்போடு ஆய்விதழில் வர வேண்டும், ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். அதற்கு முன் பழைய பெயர்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். பல லண்டனில் இருக்கின்றன. தனியாக முடியாது, நத்தை ஆய்வாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிருள்ளதை மெந்தால் தூவிய தண்ணீரில் விட்டு, உடல் தளர்ந்து வெளியே வந்தபின் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். இடம், தேதியை பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி முதலில்.

அந்த ஓடை இன்னும் தெளிந்து ஓடுகிறதென்றால் அடுத்த மழைக்கு முன் போய்விடுங்கள்.