டார்மில் தங்கும் பட்ஜெட்டில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: கார்டு பாயிண்ட் கைகொடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 31. சென்னையில் ஐ.டி. வேலை. பிடித்தம் போக மாதம் 1,05,000 ரூபாய் கைக்கு வருகிறது. முதுகுப்பையோடு ஊர் சுற்றுவது பிடிக்கும். தங்குவது எப்போதும் ஹாஸ்டல் டார்மில்தான், அதாவது பலர் ஒரே அறையில் படுக்கும் இடத்தில். வருடத்துக்கு ஒரு இரவாவது பெரிய ஹோட்டலில் தங்க ஆசை. மூன்று கிரெடிட் கார்டு வாங்கி, வீட்டு வாடகையையும் அதிலேயே கட்டினால் பாயிண்ட் குவியும், ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இலவசமாகத் தங்கலாம் என்கிறாள் தோழி. இப்போது ஒரு கார்டு இருக்கிறது. மாதம் 30,000 ரூபாய் வரை அதில் செலவு செய்கிறேன். லேப்டாப் வாங்கிய வகையில் 60,000 ரூபாய் பாக்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். சேமிப்புக் கணக்கில் 1,40,000 ரூபாய் இருக்கிறது. தோழி சொல்வதுபோல் செய்யலாமா?

பதில்: உங்கள் ஆசை நியாயமானது, நடக்கக்கூடியதும்தான். ஆனால் ஹோட்டலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த 60,000 ரூபாயைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கார்டு பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். 2,100 ரூபாய் வட்டி, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ஆக மாதம் 2,478 ரூபாய் போகிறது. அதோடு முடியவில்லை. பாக்கி வைத்திருக்கும் வரை, புதிதாக வாங்கும் மளிகைக்கும் டிக்கெட்டுக்கும்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். எந்தப் பாயிண்டும் இந்த வட்டிக்கு ஈடாகாது. சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டி இதற்குப் பக்கத்திலேயே வராது. எனவே இந்த வாரமே அதிலிருந்து 60,000 ரூபாயை எடுத்துக் கட்டி முடியுங்கள். மீதி 80,000 ரூபாய் அவசரத்துக்கு இருக்கட்டும். வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை அதிலேயே போட்டு வாருங்கள்.

வாடகை யோசனையை விட்டுவிடுங்கள். பல வங்கிகள் கார்டில் வாடகை கட்ட 1% கட்டணம் பிடிக்கின்றன, பாயிண்டும் தருவதில்லை. மூன்று கார்டும் வேண்டாம். ஒரே சமயத்தில் மூன்று விண்ணப்பம் போட்டால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கி பார்க்கும் மதிப்பெண்) இறங்கும். மூன்று கெடு தேதியில் ஒன்றை மறந்தாலும் அபராதம்.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு, 2023இல் எச்.டி.எஃப்.சி. வங்கி மேரியட் பான்வாய் (மேரியட் ஹோட்டல் குழுமத்தின் பாயிண்ட் திட்டம்) கார்டை அறிமுகப்படுத்தியபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 3,540. அதற்கு ஆண்டுதோறும் ஒரு இலவச இரவு, 15,000 பாயிண்ட் வரை விலையுள்ள அறையில். சாதாரணச் செலவில் 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட். பயணம், உணவகச் செலவுக்கு 4.

உங்கள் செலவை இதில் போட்டுப் பாருங்கள். 30,000 ரூபாயில் 10,000 ரூபாய் பயணத்துக்கும் உணவகத்துக்கும் போகிறது என்று வைத்தால், வருடத்துக்கு 6,400 பாயிண்ட் சேரும். செலவால் மட்டும் 15,000 பாயிண்டை எட்ட இரண்டேகால் வருடத்துக்கு மேல் ஆகும். ஆக, உங்களை ஹோட்டலுக்குள் கொண்டுபோவது செலவு அல்ல, கட்டணத்தோடு வரும் அந்த ஒரு இரவுதான். பாயிண்டுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த இரவின் மதிப்பு எவ்வளவு? 9,000 ரூபாய் அறைக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 10,620 ரூபாய். 15,000 பாயிண்டுக்கு அது கிடைத்தால் ஒரு பாயிண்ட் 71 பைசா. அதே பாயிண்டை 6,000 ரூபாய் அறைக்குக் கொடுத்தால், 7,500 ரூபாய் வரை வரி 5% என்பதால் மொத்தம் 6,300. பாயிண்டுக்கு 42 பைசாதான். மேரியட்டில் பாயிண்ட் விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் தேதியை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் கோடையிலும் கேரளத்தில் மழைக்காலத்திலும் அறை வாடகை இறங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் தேடினால் வெறுத்துப்போவீர்கள்.

ஆனால் 10,620 ரூபாய் லாபம் என்று மட்டும் கணக்கு எழுதாதீர்கள். 700 ரூபாய் டார்மில் படுப்பவர் நீங்கள். அந்த இரவுக்குக் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள்? 5,000 என்றால் அதன் மதிப்பு உங்களுக்கு 5,000தான். அப்படிப் பார்த்தாலும் 3,540 கொடுத்து வாங்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் மனம் வராது என்றால் இந்தக் கார்டே வேண்டாம்.

இன்னொன்று. டார்மில் கட்டிலுக்குக் காசு. இங்கே அறைக்குத்தான் பாயிண்ட். இருவர் தங்கினாலும் பெரும்பாலும் அதே பாயிண்ட்தான். தோழியையும் அழைத்துப் போங்கள், போக்குவரத்துச் செலவைப் பாதி பாதி பிரித்துக்கொள்ளலாம்.

எப்படி அமைக்கலாம்? கொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு ஃபோர்ட் கொச்சி ஹாஸ்டலில். கடைசி நாள் காலையில் வாட்டர் மெட்ரோ படகில் ஹைகோர்ட் படகுத்துறை, ஆட்டோவில் எம்.ஜி. ரோடு, அங்கிருந்து மெட்ரோவில் இடப்பள்ளி. கொச்சி மேரியட் அங்கேதான், லுலு ஷாப்பிங் மாலுக்குப் பக்கத்தில். அறை தயாராகும் வரை பையை வரவேற்பில் கொடுத்துவிட்டு நீச்சல் குளத்தைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல ஹோட்டல்களில் மறுக்க மாட்டார்கள். இலவச இரவில் காலை உணவு சேர்ந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்பதிவிலேயே பாருங்கள். அறைக்கு வரவழைக்கும் இரண்டு வேளைச் சாப்பாடு ஆண்டுக் கட்டணத்தை எட்டிப் பிடித்துவிடும். கீழே இறங்கினால் மாலின் ஃபுட் கோர்ட் இருக்கிறது. மறுநாள் மெட்ரோவிலேயே ஆலுவா போய்ச் சென்னை ரயிலைப் பிடித்துவிடலாம்.

ஏற்கெனவே கையில் இருக்கும் கார்டின் பாயிண்டுகளையும் பாருங்கள். ஹோட்டல் திட்டத்துக்கு மாற்ற வழியிருந்தால், அறை கிடைப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் வங்கிக்குத் திரும்பாது. மேரியட்டில் 24 மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால் பாயிண்ட் காலாவதி.

பாக்கியைக் கட்டியபின் இரண்டு மாத பில்லை முழுதாகக் கட்டிக் காட்டுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போடுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதன்பின் விண்ணப்பியுங்கள். அன்றைய கட்டணம், வருமான நிபந்தனை, இலவச இரவின் விதி மூன்றையும் வங்கித் தளத்தில் படியுங்கள். அந்த மேரியட் கார்டு டைனர்ஸ் கிளப் வகை (விசா, மாஸ்டர்கார்டு போல இன்னொரு வகை), சின்னக் கடைகளில் ஓடாமல் போகலாம். பழைய கார்டை மூடாமல் வைத்திருங்கள். அடுத்த வருடக் கட்டணம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, எந்த ஊர், எந்தத் தேதி என்று முடிவாகியிருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் கார்டை ரத்து செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதிவிடுங்கள்.