கை வலி போயிற்று, கழுத்து வலி ஏன் வந்தது?

கேள்வி: எனக்கு 49 வயது, தையல் தொழில் செய்கிறேன். கழுத்தில் 5, 6ஆம் எலும்புகளுக்கு இடையிலிருந்த டிஸ்க்கை 8 மாதங்களுக்கு முன் அகற்றி, பிளேட் வைத்து எலும்புகளை இணைத்தார்கள். கைக்கு இறங்கிய வலி உடனே நின்றது. ஆனால் 3 மாதங்களாகக் கழுத்து வலிக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு. அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கை வலி திரும்பாதவரை அப்படிச் சொல்ல முடியாது. கைக்குச் செல்லும் நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவதே இந்தச் சிகிச்சையின் முதன்மை நோக்கம். கழுத்து வலியும் பலருக்குக் குறைகிறது என்றாலும், அதற்கு எந்த மருத்துவரும் உறுதி தர இயலாது.

உங்கள் வலி சில மாதங்கள் கழித்து வந்திருப்பதால், எலும்புகள் ஒன்றுகூடியிருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிளேட்டும் ஸ்க்ரூவும் எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடிப்பவை மட்டுமே. கூடுவதற்கு ஓராண்டு வரைகூட ஆகலாம்; சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது தாமதமாகவோ கூடாமலோ போகும் வாய்ப்பு அதிகம். அவ்விடத்தில் அசைவு நீடித்தால் வலிக்கும், ஸ்க்ரூவும் தளரக்கூடும். எம்.ஆர்.ஐ. நரம்பையும் டிஸ்க்கையும் காட்டுவதில் சிறந்தது. எலும்பு கூடியதை அறிய சி.டி. ஸ்கேனும், கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டும். கூடவில்லை என்று தெரிந்தாலும் உடனே இன்னோர் அறுவை சிகிச்சைக்கு அஞ்ச வேண்டாம். சிலருக்கு அது வலியே தருவதில்லை.

இணைத்த இடம் அசையாததால் அதற்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளும், முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகளும் கூடுதல் சுமை ஏற்பது இன்னொரு காரணம். டிஸ்க் தேய்வு பெரும்பாலும் ஆண்டுகள் கழித்தே தொல்லை தரும். மூட்டு வலி முன்னதாகவும் வரலாம். தோள்பட்டைக் கோளாறுகூடக் கழுத்து வலிபோலத் தோன்றுவதுண்டு.

ஆயினும், மணிக்கணக்கில் குனிந்து தைப்பவருக்குக் கழுத்துத் தசைகளின் பலவீனமே காரணமாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்பது என் கருத்து. அறுவைக்குப்பின் கழுத்துப் பட்டையை (காலர்) நெடுநாள் அணிந்திருந்தால் அந்தப் பலவீனம் இன்னும் அதிகமாகும். மிஷினை உயர்த்தி வையுங்கள்; அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள்; அறுவை செய்த மருத்துவரைக் கேட்டபின் பிசியோதெரபி தொடங்குங்கள். கழுத்தைச் சொடுக்கி விடுபவர்களிடம் போகவே வேண்டாம்.

காய்ச்சல், காயத்தில் சீழ், புதிதாக விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், பொத்தான் போட முடியாதபடி விரல் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.